ஐந்தாம் தலைமுறைக்கு மேலே

ஜனவரி 21, ஞாயிறு

தென்காசிக்குப் போய்விட்டு வந்தோம். சகலை திருமலைக்கொழுந்தின் புது வீட்டுப் பால்காய்ப்பு. என் மனைவி சிவகாமியின் தங்கை உலகம்மையைக் கட்டியவன். என்னைவிட ஆறு வயது இளையவன், ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். வீடு நன்றாகத்தான் இருக்கிறது. படிக்கட்டு மட்டும் செங்குத்து. சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை.

வீட்டைப் பார்த்து எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். வீடு யார் வேண்டுமானாலும் கட்டலாம். ஆனால் ஹாலில், டிவி இருக்க வேண்டிய சுவரில், ஓர் ஆள் உயரத்துக்குக் கண்ணாடி போட்டு ஒரு படம் மாட்டியிருக்கிறான். அவனுடைய வம்சம். அவன், அவன் அப்பா, தாத்தா, பூட்டன் என்று மேலே மேலே போய், ஆறு தலைமுறை. பக்கத்துப் பக்கத்தில் அவர்கள் கட்டிய பெண்களின் பெயர், பிறந்த ஊர். வந்தவர்கள் எல்லாரும் மொசைக்கைப் பார்க்கவில்லை, மாடுலர் கிச்சனைப் பார்க்கவில்லை, அந்தப் படத்துக்கு முன்னால் போய்க் கோவிலில் நிற்பதுபோல நின்றார்கள். என் மகள் பவானியும் நின்றாள். "சித்தப்பா சூப்பர்" என்றாள். என்னை அவள் கடைசியாக எப்போது சூப்பர் என்றாள் என்று யோசித்துக்கொண்டே பாயசம் குடித்தேன்.

கொழுந்து ஒரு பாடமே நடத்தினான். வம்சம் தேட ஆரம்பிப்பவன் தன்னிலிருந்து ஒவ்வொரு படியாக மேலே போக வேண்டுமாம், தாவக் கூடாதாம். பெண்களைக் கேட்க வேண்டுமாம், ஏனென்றால் யார் எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டார்கள் என்று ஞாபகம் வைத்திருப்பது அவர்கள்தானாம். ஒரு விஷயத்தை இரண்டு பேரிடம் கேட்டு, இரண்டும் ஒத்துப்போனால்தான் எழுத வேண்டுமாம். குலதெய்வக் கோவிலில் பூசாரி முணுமுணுப்பதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டுமாம். நான் முந்திரிப்பருப்பைத் தேடுவதுபோலத் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று விடாமல் மனதில் வாங்கிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சிவகாமி கேட்டாள்: "ஒங்க தாத்தாவோட அப்பா பேரு என்ன?" தூங்குவதுபோல இருந்துவிட்டேன்.

ஜனவரி 22

சிலிண்டர் வந்தது. கொண்டுவந்தவரிடம் பேச்சோடு பேச்சாக அவர் தாத்தாவின் அப்பா பெயர் கேட்டேன். டக்கென்று சொல்லிவிட்டார்.

ஜனவரி 23

ஆரம்பித்துவிட்டேன். பவானியின் பழைய சார்ட் அட்டையின் பின்பக்கம். அடியில் என் பெயர், கோமதிநாயகம். மேலே அப்பா சங்கரலிங்கம். அதற்கு மேலே தாத்தா கோமதிநாயகம், அவர் பெயரைத்தான் எனக்கு விட்டார்கள். அப்பாவுக்கு யார் பெயரை விட்டிருப்பார்கள்? அவருடைய தாத்தா பெயரை. ஆக நான்காவது ஆள் இன்னொரு சங்கரலிங்கம். இரண்டே பெயரை வைத்துக்கொண்டு ஒரு வம்சமே வண்டி ஓட்டியிருக்கிறது. கொழுந்துவின் படத்தில் ஆறு பேருக்கும் ஆறு பெயர்.

முப்பது வருடம் அரசு பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்தவன் நான். டிக்கெட் இல்லாதவனை முகத்தைப் பார்த்தே சொல்வேன். ஐந்தாவது ஆள் எங்கே ஒளிந்திருந்தாலும் பிடித்துவிடுவேன்.

இந்தத் தேடல் பவானி கல்யாணத்துக்காக என்று சிவகாமியிடம் சொல்லியிருக்கிறேன். மண்டப வாசலில் ஃப்ளெக்ஸில் வம்சத்தைப் போட்டால் புதுமையாக இருக்கும். கொழுந்துவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

ஜனவரி 26

பவானி வரன் கூடி வருகிறது. பையன் தீபன், கம்பம் பக்கம். கோயம்புத்தூரில் பவானி வேலை பார்க்கும் கம்பெனியில்தான் அவனுக்கும் வேலை, அது தற்செயல். தரகர் கொண்டுவந்த வரன் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். போட்டோவைக் கவரிலிருந்து எடுக்காமலேயே பவானி "சரிப்பா" என்றாள். அடக்கமான பெண். இருபத்தொன்பது வயதாகிறது. இதற்கு முன் கொண்டுவந்த வரன்களை எல்லாம் போட்டோவை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வேண்டாம் என்றாள்.

முதல் போனிலேயே குலதெய்வம் கேட்டுக்கொண்டோம். ஒரே குலதெய்வம் என்றால் பங்காளிகள். பங்காளி வீட்டுப் பையனும் பெண்ணும் அண்ணன் தங்கை முறை, அங்கே கல்யாணப் பேச்சுக்கே இடமில்லை. நமக்கு மடையடி சாஸ்தா, அவர்களுக்குக் கல்லடி அய்யனார். பிரச்சினை இல்லை.

நேற்றுத் தைப்பூசத்துக்கு அவர்கள் கோவிலில் பூஜை என்று கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு முழங்கால் வலி. கொழுந்து காரை எடுத்துக்கொண்டு என் சார்பில் போய்விட்டு வந்தான். நான் போகச் சொல்லவில்லை, சிவகாமி சொன்னாள். நல்ல குடும்பம், தாராளமாகச் செய்யலாம் என்றான். வழக்கம்போல நீட்டி முழக்காமல் இரண்டே வார்த்தையில் முடித்துக்கொண்டான். புது வீடு வந்ததும் வாயும் சுருங்கிவிட்டது.

பிப்ரவரி 4

அம்பாசமுத்திரம் போய் பிரமு அத்தையைப் பார்த்தேன். அப்பாவின் கடைசித் தங்கை. சீரியல் முடியும் வரை வாயைத் திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். விளம்பரத்தில் கேட்கலாமா என்றால் விளம்பரத்தையும் பார்ப்பாளாம். உட்கார்ந்திருந்தேன்.

ஐந்தாவது ஆள் கிடைத்துவிட்டார். வைத்திலிங்கம். அவர் பெண்டாட்டி பிறந்த ஊர் பாப்பான்குளம் வரைக்கும் சொன்னாள். என் அட்டையை வாங்கிப் பார்த்து, பொம்பளை பேர் ஒன்றுகூட இல்லையே, இவன்கள் எல்லாம் வாழைமரம் மாதிரி தானாகக் குலை தள்ளினான்களா என்று கேட்டாள். கொழுந்துவின் படத்தில் பெண்கள் பெயர் இருந்தது ஞாபகம் வந்து எரிச்சலாக இருந்தது. எல்லாப் பெயரையும் வாங்கி எழுதிக்கொண்டேன்.

கிளம்பும்போதுதான் போட்டாள் ஒரு குண்டு. போன வாரம் கொழுந்து வந்திருந்தானாம், அல்வாவோடு. "நம்ம கோவில் வழக்கத்தையெல்லாம் தோண்டித் தோண்டிக் கேட்டாவ. நல்ல மனுசன்."

என் அத்தை. என் கோவில். அவன் எதற்கு வந்து கேட்கிறான்? சொந்த வம்சத்தைக் கண்ணாடிக்குள் வைத்தாயிற்று, இனி என் வம்சத்தையும் அவனே கண்டுபிடித்து, கல்யாணத்தன்று பட்டுத்துணி போட்டு மூடி என் கையிலேயே பரிசாகக் கொடுப்பான். எல்லாரும் கை தட்டுவார்கள். நான் வாங்கிக்கொண்டு இளிக்க வேண்டும். பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தும் காற்று ஏறவில்லை.

பிப்ரவரி 18

நிச்சயதார்த்தம் நல்லபடியாக முடிந்தது. தீபன் நல்ல பையன். சம்பந்தி போஜராஜ் மரியாதையான மனிதர். சாம்பாரில் உப்பு கொஞ்சம் தூக்கல். பவானி அன்று சிரித்ததுபோல நான் பார்த்ததில்லை. கல்யாணம் மே 26.

வந்த கூட்டத்தில் பாதி கொழுந்துவைச் சுற்றி நின்று, தங்கள் வம்சத்தை எப்படித் தேடுவது என்று கேட்டுக்கொண்டிருந்தது. பெண்ணின் தகப்பன் நான்.

மார்ச் 12

மோட்டார் ரிப்பேர். ஐந்துக்கு மேலே ஒன்றும் நகரவில்லை.

மார்ச் 25, பங்குனி உத்திரம்

முழங்காலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

சாஸ்தா கோவிலுக்குப் போனோம். மடையூரில் இறங்கி வயல் வழியாக நடக்க வேண்டும். அறுபது வருடமாகப் போகிறேன். தீபாராதனைக்கு முன்னால் பூசாரி ஏதோ பெயர்களைச் சொல்லிச் சாமியைக் கூப்பிடுவார். அந்த நேரத்தில் நான் எப்போதும் செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன், முன்பு ஒரு ஜோடி போயிருக்கிறது. இந்த முறை செருப்பு போனால் போகிறது என்று கிட்டே போய் நின்றேன்.

"பூலுடையார் மகன் மந்திரம் வகையறா வந்து நிக்குது, பாத்துக்கோ சாமி."

இதைத்தான் இத்தனை வருடமும் சொல்லியிருக்கிறார். பூஜை முடிந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன். வைத்திலிங்கத்தின் தகப்பனார் மந்திரம். மந்திரத்தின் தகப்பனார் பூலுடையார். ஆறு, ஏழு! ஒரே நாளில் இரண்டு.

இன்னொரு விஷயமும் சொன்னார். எங்கள் கோவிலில் பந்திக்கு முன்னால், வெளியே வடக்குப் பார்த்து ஓர் இலை போட்டுச் சோறு, கறி எல்லாம் வைப்போம். யாரும் உட்கார மாட்டார்கள், கொஞ்ச நேரம் கழித்துக் காக்கைக்குப் போய்விடும். போன வருடம் கொழுந்து வந்திருந்தபோது இது யாருக்கு என்று கேட்டான், எனக்குத் தெரியாததால் தலையை ஆட்டி வைத்தேன். அது மந்திரத்தின் தம்பிக்காம். உச்சிமாடன். கோவிலில் முதல் பரிவட்டம் அண்ணனுக்குக் கட்டினார்கள், தனக்குக் கட்டவில்லை என்று பொறாமைப்பட்டு, சாஸ்தா காலடியில் ஒரு பிடி மண்ணை அள்ளி மடியில் கட்டிக்கொண்டு வடக்கே போய்விட்டாராம். போன இடத்தில் அந்தப் பிடிமண்ணை வைத்துக் கோவில் கட்டியிருப்பார், எங்கே என்று யாருக்கும் தெரியாது. திரும்பி வந்தால் சாப்பிட இலை வேண்டுமே என்று அண்ணன் போட ஆரம்பித்தது, இன்னும் போடுகிறோம்.

ஒரு துண்டுத் துணிக்காகவா ஒருவன் ஊரை விட்டுப் போவான்? சின்ன மனசு.

ஏழு! கொழுந்துவுக்கு ஆறு.

மார்ச் 26

விடிந்ததும் கொழுந்துவுக்குப் போன் போட்டேன். சாதாரணமாகச் சொல்ல வேண்டும் என்று தண்ணீர் குடித்துவிட்டுப் போட்டேன். "ஏழு கிடைச்சிருக்கு தம்பி. பூசாரி வாயாலேயே." அந்தப் பக்கத்திலிருந்து கேட்டான்: "ஃப்ளெக்ஸுக்குக் குடுத்துட்டியளா அண்ணாச்சி?"

வாழ்த்து இல்லை, அப்படியா என்றுகூட இல்லை. குரலே இறங்கிவிட்டது. என் வாழ்நாளில் இவ்வளவு இனிப்பான காபி குடித்ததில்லை.

சம்பந்தி போஜராஜுக்கும் போன் போட்டு, ஏழு தலைமுறை எடுத்துவிட்டேன், பெயரெல்லாம் மண்டபத்தில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். வாக்கிங் போகும் நண்பர்களிடமும் சொல்லியாயிற்று. இஸ்திரி போடுபவரிடமும்.

மார்ச் 30

கொழுந்து நேரிலேயே வந்துவிட்டான், காலையில். கடையைத் திறக்காமல் வந்திருக்கிறான். என்னைத் தனியே மாடிக்குக் கூட்டிப்போய், அண்ணாச்சி, ஐந்தோடு நிறுத்திக்கொள்ளலாமே என்றான். மேலே போகப் போகத் தப்பு வருமாம். பூசாரி ஒருவர் சொன்னதை மட்டும் வைத்து எழுதக் கூடாதாம். கல்யாண வீட்டில் அவ்வளவு பெரிய ஃப்ளெக்ஸ் எதற்காம்.

"அஞ்சு போதும் அண்ணாச்சி. நான் சொல்லுததக் கேளுங்க."

உனக்கு மட்டும் ஆறு எதற்கு என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு பைப்பைப் பார்த்தான். மோட்டார் பைப் லீக் ஆகிறது, வாஷர் மாற்ற வேண்டும் என்றான்.

முகத்தைப் பார்த்தே சொல்வேன் என்று முன்பே எழுதியிருக்கிறேன். இது பொறாமைதான். சுத்தமான, கலப்படமில்லாத பொறாமை. அவன் எனக்குச் சகலையான இருபத்தாறு வருடமாக நான் மட்டும் சுமந்த சரக்கு, இப்போது அவன் தலைக்கு மாறியிருக்கிறது. பாவமாகக்கூட இருந்தது. இரண்டு இட்லி கூடுதலாக வைக்கச் சொன்னேன்.

ஏப்ரல் 9

ஃப்ளெக்ஸ் கடையில் ஏழு தலைமுறையையும் கொடுத்துவிட்டேன். ஆலமரம் வரைந்து, உச்சியில் பூலுடையார், அடுத்து மந்திரம், பக்கத்தில் ஒரு கிளையில் தம்பி உச்சிமாடன். மாதிரி அச்சடித்துக் காட்டினார்கள். எழுத்து பெரிதாக வேண்டும், ரோட்டிலிருந்தே தெரிய வேண்டும் என்றேன்.

ஏப்ரல் 28

கம்பம் போயிருந்தேன். கல்லடி அய்யனார் கோவிலில் முதல் பத்திரிகை வைக்கிறார்கள், சம்பந்தியும் உடன் இருந்தால் நன்றாக இருக்கும் என்று கூப்பிட்டார் போஜராஜ். சிவகாமிக்கு ஜவுளி வேலை. தனியாகத்தான் போனேன்.

மலையடிவாரத்தில் சின்னக் கோவில். தென்னந்தோப்புக் காற்று. நல்ல இடம் என்று நினைத்துக்கொண்டேன். பூசாரி தீபாராதனை தட்டைத் தூக்கிக்கொண்டு கூப்பிட்டார்: "பூலுடையார் மகன் உச்சிமாடன் வகையறா வந்திருக்கோம்."

இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். ஒரு விஷயத்தை இரண்டு பேரிடம் கேள் என்றானே கொழுந்து, இதோ இரண்டாவது ஆளும் சொல்லிவிட்டார், என் ஏழாவது தலைமுறை உறுதி என்று துள்ளினேன். அதற்குப் பிறகுதான் நான் எங்கே நிற்கிறேன் என்று உறைத்தது. கைகளைக் கூப்பியபடியே வைத்திருந்தேன்.

பந்திக்கு முன்னால், வெளியே, தெற்குப் பார்த்து ஓர் இலை போட்டார்கள்.

கேட்கக் கூடாது என்று இருந்தேன். போஜராஜ் தானாகவே சொன்னார்: "அது எங்க மூத்தவருக்குங்க சம்மந்தி. மந்திரம்னு பேரு. எங்காளுதான் அண்ணன்கூட மல்லுக்கட்டிப் பிடிமண்ண எடுத்துக்கிட்டு வந்துட்டாராம். சாகுறப்ப, அண்ணனுக்கு ஒரு இலை போடாம நீங்க யாரும் கை நனைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாராம். தெக்க எந்த ஊருன்னு தெரியல. தேடாத இடமில்ல."

தேட வேண்டியதில்லை, உங்கள் பக்கத்தில்தான் முழங்கால் வலியோடு நிற்கிறது என்று எப்படிச் சொல்வது?

சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டேன், பங்காளி முறை எல்லாம் இந்தப் பக்கத்தில் ரொம்பப் பார்ப்பார்களோ என்று. போன வருடம் அவர் தம்பி மகளுக்கு நிச்சயம் முடிந்து, பந்தக்கால் நட்ட பிறகு முறை தப்பு என்று தெரிந்து, கல்யாணத்தையே நிறுத்திவிட்டார்களாம். பெருமையாகச் சொன்னார். எனக்கு ரசம் ஊற்றினார்கள். குடித்தேன்.

ஏப்ரல் 29

எழுத ஒன்றுமில்லை.

மே 1

சிவகாமியிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லப் போவதில்லை.

பஸ்ஸில் ஏறுகிறவர்களில் சில பேர் தனித்தனி சீட்டில் உட்கார்ந்து, தனித்தனியாக டிக்கெட் எடுத்து, ஒருவரை ஒருவர் பார்க்காமல் வருவார்கள். ஆனால் சேர்ந்து போகிறவர்கள் என்பது செக்கருக்குத் தெரியும். பவானியும் தீபனும் நான்கு வருடமாகச் சேர்ந்து போகிறவர்கள். எனக்குத் தெரியும். அந்தத் தரகரை ஏற்பாடு செய்ததே அவர்கள்தான், அதுவும் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொண்டால் நான் கோபப்பட வேண்டியிருக்கும். கோபப்பட எனக்கு இஷ்டமில்லை, அதனால் தெரியவில்லை.

இரண்டு நாள் சாஸ்தாவோடு மல்லுக்கட்டினேன். முறை தப்புதான். நான் எத்தனை பேரை இதற்காக வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறேன்! ஆனால் இன்று காலை பல் தேய்க்கும்போது ஒரு யோசனை வந்தது. ஒரு துண்டுக்காகக் கோபித்துக்கொண்டு போன தம்பி, இத்தனை காலம் கழித்துப் பெண் கேட்டு வாசலுக்கு வந்திருக்கிறார். வந்தவரைத் திருப்பி அனுப்பினால் இத்தனை வருடம் இலை போட்டதற்கு என்ன அர்த்தம்? பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டே அழுதுவிட்டேன். நான் இவ்வளவு பெரிதாக யோசித்ததே இல்லை.

ஆனால் ஃப்ளெக்ஸ்? அதில் பூலுடையார் இருந்தாலும் போச்சு, மந்திரம் இருந்தாலும் போச்சு. இரண்டும் அவர்கள் வாயில் தினமும் புழங்குகிற பெயர். தம்பியை மட்டும் எடுத்துவிட்டு ஆறாவதையாவது வைத்துக்கொள்ளலாமா, கொழுந்துவுக்குச் சமமாகவாவது இருக்குமே என்று வெகு நேரம் கணக்குப் போட்டேன். முடியாது. மகள் வாழ்க்கைக்கு நடுவில் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டவன் நான்தான் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

கடைக்குப் போய் மேலே இரண்டு வரிசையையும் எடுக்கச் சொன்னேன். உச்சி காலியாக இருக்குமே சார் என்றார் டிசைன் செய்பவர். பிள்ளையாரைப் போடச் சொன்னேன். பழைய மாதிரியை அங்கேயே வாங்கிக் கிழித்தேன். பூலுடையார் என்று பெரிய எழுத்தில் இருந்தது, கிழிக்கக் கஷ்டமாக இருந்தது.

மே 14

வாக்கிங்கில் கேட்கிறார்கள், ஏழு தலைமுறை எப்போது ரிலீஸ் என்று. பூசாரிக்கு வயதாகிவிட்டது, குழப்புகிறார், ஐந்துதான் உறுதி என்றேன். சிரித்தார்கள். கொழுந்துவுக்கு யாரோ சொல்லியிருப்பார்கள். போன் வரவில்லை. சந்தோஷத்தில் இருப்பான்.

பந்தலுக்கு வாழைமரம் சொல்லியாயிற்று. ஐஸ்கிரீம் வேண்டுமா பீடா வேண்டுமா என்று சிவகாமிக்கும் பவானிக்கும் சண்டை.

மே 27

கல்யாணம் முடிந்துவிட்டது. பவானி நேற்றுச் சாயங்காலம் காரில் ஏறிப் போனாள். வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்கிறது. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மண்டப வாசலில் ஃப்ளெக்ஸ். மேலே பெரிய பிள்ளையார், கீழே சின்னச் சின்னதாக ஐந்து பேர். அதிலும் நாலு பேர் இரண்டே பெயர். வருகிறவர்கள் பார்த்துவிட்டு நல்லா இருக்கு என்று சொல்லிக்கொண்டே பீடா இருக்கும் பக்கம் போனார்கள். தாலி கட்டி முடிந்து, சாப்பாட்டுக்கு முன்னால் போஜராஜ் தன் ஆட்கள் பத்துப் பேரோடு வந்து அதன் முன்னால் நின்றுவிட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். கொழுந்துவும் இருந்தான், அவன் எங்கேதான் இல்லை.

"சம்மந்தி, போன்ல ஏழுன்னு சொன்னீகளே? மேல ரெண்டு பேரு யாரு?"

தாலி கட்டிவிட்டதால் இனிப் பயமில்லை என்று நினைக்கலாம். பவானி வாழப்போவது அந்த வீட்டில்தானே. ஏதாவது ஒரு பெயரை இட்டுக்கட்டிச் சொல்லியிருக்கலாம். பூலுடையார் என்ற பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்து நிற்கும்போது வேறு பெயர் எங்கிருந்து வரும்? எல்லார் முகமும் என்னைப் பார்க்கிறது. எங்கள் பக்கத்து ஆட்கள், வாக்கிங் நண்பர்கள், உலகம்மை.

"இல்ல சம்மந்தி. சும்மா பீத்திக்கிட்டேன். என் சகலைக்கு ஆறு இருக்குன்னு, பொறுக்க மாட்டாம ஏழுன்னு சொல்லிட்டேன். அஞ்சுதான் இருக்கு."

வாழ்க்கையில் முதல் தடவையாக என் பொறாமையைச் சபையில் சொல்கிறேன். அதுவும் பொய்க்காகச் சொல்கிறேன், அதுவும் உண்மையாக இருக்கிறது. சிவகாமி தரையைப் பார்த்தாள்.

அப்போது கொழுந்து சிரித்தான். பெரிதாக, தொந்தி குலுங்க. "என்கிட்ட மட்டும் ஆறு இருக்குன்னு யாரு சொன்னா? மேல உள்ளவரு நான் சும்மா போட்டது. படம் சுவரு அளவுக்குக் கொஞ்சம் கொறஞ்சிது."

கூட்டம் அவன் பக்கம் திரும்பிச் சிரித்தது. போஜராஜும் சிரித்து என் தோளைத் தட்டினார், எல்லாரும் சாப்பிடப் போனார்கள். உலகம்மைக்கு முகம் விழுந்துவிட்டது. அந்த ஆறாவது பெயருக்காகக் கொழுந்து மழையில் எந்தெந்த ஊருக்குப் போனான் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

கை கழுவும் இடத்தில் அவனைப் பிடித்தேன். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். குழாயைத் திறந்து விட்டுவிட்டு மெதுவாகச் சொன்னான்.

"தைப்பூசத்துக்குப் போனப்பமே பாத்துட்டேன் அண்ணாச்சி. தெக்க பாத்து இலை போட்டாவ. ஒங்க கோவில்ல வடக்க பாத்துப் போட்டது ஞாபகம் வந்துது. பிரமு அத்தைட்டப் போயி அந்த இலை யாருக்குன்னு கேட்டேன், எல்லாம் ஒத்து வந்துது. அதோட வாயத் தச்சிட்டேன். உலகம்மைட்டகூடச் சொல்லல."

தைப்பூசம். நான் கண்டுபிடித்தது ஏப்ரலில். அவன் ஜனவரியிலேயே. அந்த மாடிப்படி, அந்த அஞ்சு போதும், அந்த வாஷர், எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. இரண்டு இட்லி கூடுதலாக வைத்தேனே, அதுவும்.

முறை தப்பில்லையா, எப்படி மனசு ஒத்துக்கொண்டது என்று கேட்டேன். "கோவிச்சிட்டுப் போன தம்பி பொண்ணு கேட்டு வந்திருக்காருன்னு வெச்சுக்கிட்டேன். வாசல்ல வந்தவரப் போன்னா சொல்ல முடியும்?" என்றான்.

என் யோசனை. பல் தேய்க்கும்போது எனக்கு வந்த, என் சொந்த யோசனை. அதையும் எனக்கு முன்னாலேயே யோசித்து முடித்துவிட்டான். ஆத்திரத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவன் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு என் கையைப் பிடித்தான்.

"ஆனா அண்ணாச்சி, நான் மறைச்சது அடுத்தவரு வம்சத்த. நீங்க அழிச்சது ஒங்களோடத. நீங்க செஞ்சதுதான் பெருசு. என்னால முடிஞ்சிருக்காது."

இருபத்தாறு வருடமாக அவன் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தேன் என்று கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. உலகத்தில் யாரிடமும் சொல்ல முடியாத இடத்தில் வைத்துச் சொன்னான். நான் கையை உருவிக்கொண்டு, சாம்பார் தீர்ந்துவிட்டதா பார் என்றேன். ஓடினான்.

என் ஆயுளில் நான் செய்த ஒரே பெரிய காரியம் இதுதான். அதற்கு ஒரே ஒரு சாட்சி, அதுவும் அவன்தான்.